கழித்தல் கணக்கு

ஒரு மனிதருக்குத் தமிழ் தெரியாது என்பதை வைத்து அவரிடமிருந்து பணம் எடுத்தேன். நான் தமிழாசிரியை.

இதை எழுத ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். பொய் தயாராகவே இருந்தது: ‘வடக்கத்தியான் வீட்டைப் பாழாக்கிட்டுப் போயிட்டான்.’ ஒன்றிரண்டு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். அவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் எனக்கு இனித்தது.

பிறந்த ஊர் நெல்லிக்குப்பம். கடலூர் பண்ருட்டிச் சாலையில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் ஊர். ஆலை ஓடும் மாதங்களில் துவைத்துப் போட்ட துணியிலும் பாகு வாசனை இருக்கும். 1982-ல் நெய்வேலிக்கு வாழ்க்கைப்பட்டேன். கணவர் முதல் சுரங்கத்தில் வேலை பார்த்தார். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். சம்பளத்தில் பிடிக்கும் சொற்ப வாடகை, வாசலில் வேப்ப மரம், அகலமான சாலை. முப்பது ஆண்டு அங்கே இருந்தோம். ஒரு வீட்டு உரிமையாளர் முன்னால் கை கட்டி நின்று ‘அட்வான்ஸ் எவ்வளவுங்க’ என்று கேட்கும் நிலை எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. என் தவறுக்கு இது காரணமாகாது. ஆனால் எதை அறியாதவளாக இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

நெய்வேலியே வெளியிலிருந்து வந்தவர்களால் ஆன ஊர். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சோவியத் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கியது. எங்கள் தெருவிலேயே மலையாளம் பேசும் வீடு உண்டு, தெலுங்கு பேசும் வீடு உண்டு. நிலத்தைக் கொடுத்த கிராமத்து மக்கள் டவுன்ஷிப்புக்கு வெளியே போனார்கள். நாங்கள் கோலம் போட்ட வாசல் ஒரு காலத்தில் யாருடைய கொல்லையோ. அது தெரிந்தும் முப்பது ஆண்டு நன்றாகத் தூங்கினேன். அப்படிப்பட்ட நான்தான் பிறகு ஒருவரைப் பார்த்து ‘வெளியாள்’ என்றேன்.

கணவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே இந்திரா நகரில் மாடியும் கீழுமாக ஒரு வீடு கட்டினோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அங்கே குடிபோனோம். 2015-ல் அவர் போய்விட்டார். மகள் படிப்பு, ஆராய்ச்சி என்று வெளியூரில். நான் கீழே, வாடகைக்கு விட்ட மாடி மேலே. அவருடைய பி.எஃப். பணம் வங்கியில் இருந்தது. வட்டி வந்தது. எனக்குப் பசி இல்லை. வறுமையைக் காரணமாக எழுதலாமா என்று ஒருமுறை நினைத்தேன், அதனால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2017 ஜூனில் தரகர் ஒரு குடும்பத்தை அழைத்துவந்தார். ஒடிசாக்காரர், வெல்டர். அப்போது புதிய அனல்மின் நிலையத்தின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரு துணை ஒப்பந்தக்காரரிடம் வேலை. மனைவி, ஆறு வயதுப் பையன். வாடகை 4,500 என்றேன். அட்வான்ஸ் 40,000 என்றேன். தரகர் என்னைத் தனியே அழைத்து, “டீச்சர், போன தடவை இருபதுதானே வாங்கினீங்க?” என்றார். “இவங்க ராத்திரியோட ராத்திரியா கிளம்பிப் போயிட்டா நான் எங்க போய்த் தேடறது?” என்றேன். அந்த மனிதர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொல்லும் புரியவில்லை. ‘அட்வான்ஸ்’ புரிந்தது. சட்டைப்பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தார். அதில் பாதி மேஸ்திரியிடம் கடன் வாங்கியது என்று பிறகு தெரிந்தது.

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம். பதினொரு மாதம். ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் நம் ஊரில் எல்லாரும் பதினொன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். பத்திர எழுத்தருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம் என்று நானே எழுதினேன். ‘மேற்படி’, ‘பட்சத்தில்’, ‘இதன்வழி சம்மதிக்கிறேன்’ எல்லாம் வந்து விழுந்தன. எழுதி முடித்து ஒருமுறை வாசித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அவர் ஒடியாவில் கையெழுத்துப் போட்டார். வட்ட வட்டமாக, தேன்குழல் பிழிந்தது போல. கீழே தன் ஊர் முகவரியையும் அதே எழுத்தில் எழுதினார். ஆதார் நகல் ஒன்றும் கொடுத்தார்.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். மாடிக்குத் தனி மீட்டர் இல்லை. என் பெயரில் இருந்த ஒரே இணைப்பு. மாடிக்கு ஒரு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஏழு ரூபாய் வாங்கினேன். 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த இலவசத்தில் அவர்களுக்கு ஒரு யூனிட்டும் போகவில்லை. அரசு சும்மா கொடுத்ததை நான் ஏழு ரூபாய்க்கு விற்றேன். எங்கள் தெருவில் எல்லாரும் செய்தார்கள். அந்த ‘எல்லாரும்’ எனக்கு வசதியாக இருந்தது.

கெட்டவளாக மட்டும் இருந்திருந்தால் இந்தக் கணக்கு எளிது. நான் அந்தப் பையனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அருகிலிருந்த பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். மாலையில் சிலேட்டோடு கீழே வருவான். ‘ழ’ அவனுக்கு மூன்றே நாளில் வந்தது. என் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு மூன்று வருடத்தில் வராதது. அவன் அம்மா மொழி பேசாமல் சிரிப்பார். கோடையில் நீர் ஊற்றி வைத்த சோறு ஒரு கிண்ணம் கொண்டுவந்து தருவார். ‘பகாளா’ என்பார். நம் பழைய சோறுதான், கொஞ்சம் தயிர், தாளிப்பு. நானும் வாங்கிச் சாப்பிட்டேன். அக்கம் பக்கத்தில், “ஒடியாப் பையனை நான்தான் தமிழ் பேச வச்சேன்” என்று சொல்லிக்கொண்டேன். பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்ற நினைப்பு, அப்பாவிடம் நான் செய்துகொண்டிருந்ததை என் கண்ணிலிருந்தே மறைத்தது.

இனி அந்த நாள்.

2018 மே, கத்திரி வெயில். பதினொரு மாதம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அனல்மின் நிலைய வேலை இன்னும் சில மாதத்தில் குறையும், ஆட்களைக் கலைப்பார்கள் என்ற பேச்சு டீக்கடை வரை வந்திருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் புதிய பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தேன். பதினொரு மாதத் தவணை முடியுமுன் காலி செய்யும் பட்சத்தில் இரண்டு மாத வாடகையும், வண்ணம் பூசும் செலவும், பராமரிப்புச் செலவும் முன்பணத்தில் கழித்துக்கொள்ளப்படும். அவர் இடையில் போக நேரும் என்று தெரிந்தே எழுதினேன். இதில் கவனக்குறைவு எதுவும் கிடையாது.

மாடிப்படியின் கீழ் நிழலில் உட்கார்ந்திருந்தோம். தாளை நீட்டினேன். அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. மகனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தார். அவர் முகத்தில் சந்தேகம் இல்லை. மகன் படிப்பதைக் கேட்கும் ஆசைதான் இருந்தது. அவர் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன்.

அவன் விரல் வைத்துப் படித்தான். நான் பழக்கிய விதம். முதல் வரிகளைத் தட்டுத்தடுமாறித் தாண்டினான். அந்த வரிக்கு வந்தான். “முன்…ப…ணத்…தில்… கழித்…துக்…கொள்…ளப்…படும்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “டீச்சர், இது கழித்தலா?”

“ஆமா.”

“எதுல எவ்ளோ கழிக்கணும்?”

அவன் அப்பாவும் என்னைப் பார்த்தார்.

சொல்லியிருக்கலாம். எளிய கேள்வி. நாற்பதில் ஒன்பது என்று தொடங்கியிருந்தால் அவனே மீதியைப் போட்டிருப்பான். நான் தாளைக் கையில் வாங்கிக்கொண்டேன். “அது சும்மா எழுதறதுடா. எல்லா வீட்டுப் பத்திரத்துலயும் இருக்கும். கரண்டு பாக்கி இருந்தா கழிச்சுக்குவாங்க. அவ்ளோதான். அப்பாகிட்டச் சொல்லு.”

அவன் ஒடியாவில் சொன்னான். என் பொய்யை அவன் அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பிள்ளையின் வாய். அவர் சிரித்தார். கையெழுத்துப் போட்டார். நான் பையனிடம் “நல்லாப் படிச்சே” என்று சொல்லி ஒரு கடலை மிட்டாய் கொடுத்தேன்.

முப்பத்திரண்டு ஆண்டு ஆசிரியர் வேலை பார்த்தேன். ஒரு பிள்ளை ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டு, தெரிந்தே தவறான பொருளைச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

2019 பிப்ரவரியில் அவர் வந்து நின்றார். எண்ணூர்ப் பக்கம் வேறு ஒரு அனல்மின் நிலைய வேலைக்கு மேஸ்திரி அனுப்புகிறார், பத்து நாளில் போக வேண்டும். அங்கே வீடு பார்த்துவிட்டார், அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். இவ்வளவையும் அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு, “அம்மா, பணம் முழுசு வேணும். பையன் ஸ்கூல்” என்றார்.

நான் தாளை எடுத்துவந்து கணக்குப் போட்டேன். இரண்டு மாத வாடகை 9,000. பெயின்ட் 14,000. மோட்டார் காயில் கட்டிய செலவு 3,500. கரண்டு 1,500. மீதி 12,000. அவர் அந்த எண்ணைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை. மகனைக் கூப்பிட்டார். அவனிடம் அந்த வரியைக் காட்டி ஏதோ கேட்டார். பையன் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பிறகு அப்பாவிடம் மெதுவாக ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. தான் தப்பாகப் படித்துவிட்டதாகச் சொல்லியிருப்பானோ என்பதுதான் இன்றுவரை என் பயம். ஏனென்றால் அவர் அவன் தலையில் கை வைத்துத் தடவினார். திட்டு வாங்க வேண்டிய பிள்ளையைத் தேற்றுவது போல.

நான் வாய் திறக்கவில்லை. “கையெழுத்துப் போட்டிருக்கீங்களே” என்று மட்டும் சொன்னேன். பிறகு ஒன்றும் சேர்த்தேன்: “வந்த ஊர்ப் பாஷையைக் கத்துக்கணும்.” மொழிப் பற்று என்று அதற்கு மனத்துக்குள் பெயர் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் போய்விட்டார்கள். மளிகைக் கடைக்கார அம்மாதான் மீதியைச் சொன்னார். எண்ணூர் வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட முடியவில்லை. அவர் தனியாக ஆட்களின் ஷெட்டில் தங்கப் போகிறார். மனைவியும் பையனும் சென்னை வழியாக ஊருக்கு. இரண்டாம் வகுப்பு முடிய இரண்டு மாதம் இருந்தது. ஒடியா எழுத்து அவனுக்கு ஒன்றும் தெரியாது, அங்கே மறுபடி முதலிலிருந்து. கடைப் பாக்கி முந்நூற்றுச் சொச்சத்தைத் தீர்த்துவிட்டுப் போனார்கள் என்றும் சொன்னார். அன்று மாலைதான் பஸ். ஆர்ச் கேட் பஸ் நிறுத்தத்துக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். பணம் பீரோவில் இருந்தது. நான் விளக்கேற்றிவிட்டுத் தொலைக்காட்சி பார்த்தேன்.

அதே மாதம் 22-ஆம் தேதி தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2017-ல் இயற்றியது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உண்மையான பாக்கியை மட்டும் கழித்துத் திருப்பித் தர வேண்டும். செய்தித்தாளில் படித்தேன். நம் கணக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று நினைத்துத் தாளை மடித்தேன். மாடிக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. சுவர் நன்றாகவே இருந்தது, பையனின் அம்மா அப்படி வைத்திருந்தார். அந்த 14,000-ல் நான் குடியிருந்த கீழ்வீட்டுக்கு அடித்தேன். இளம் பச்சை.

2023 இலையுதிர் காலத்தில் மகள் ஆராய்ச்சி வேலைக்கு ஸ்பெயின் போனாள். வலென்சியா நகரம். ஸ்பானிஷ் அவளுக்கு ‘வணக்கம், நன்றி, எவ்வளவு’ அளவுக்குத்தான். விடுதியில் தங்கிக்கொண்டு வீடு தேடினாள். அங்கே வாடகைக்கு எடுக்க நோமினா என்கிற சம்பளச் சீட்டு கேட்பார்கள். புதிதாக வந்தவளிடம் அது ஏது? பதினைந்து இடத்தில் மறுத்தார்கள். பதினாறாவது ஒரு வயதான அம்மாள். 850 யூரோ. ஒரு மாத வாடகை ஃபியான்சா, அதாவது அட்வான்ஸ். சம்பளச் சீட்டு இல்லாததால் ஈடாக இன்னும் இரண்டு மாதம். நம் பணத்தில் எல்லாம் சேர்த்துச் சுமார் இரண்டேகால் லட்சம்.

மகள் அன்றிரவு கூப்பிட்டாள். அந்த அம்மாள் ஒப்பந்தத்தை வரி வரியாக நிதானமாகப் படித்துக் காட்டினாராம். இவள் போனைத் தாளுக்கு மேல் பிடித்தால் அது ஆங்கிலத்தில் காட்டும். அதுவரை அடுத்த வரிக்குப் போகாமல் காத்திருந்தாராம். அந்த நாட்டுச் சட்டம் 1994-ல் வந்தது. ஃபியான்சா ஒரு மாதம், கூடுதல் ஈடு இரண்டு மாதம்வரை. ஃபியான்சாவை வீட்டுக்காரர் தன் பையில் வைத்துக்கொள்ள முடியாது, அந்த மாநில அரசிடம் கட்டிவிட வேண்டும். குடியிருப்பவர் விரும்பினால் ஐந்து ஆண்டு இருக்கலாம். எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தாள்.

நான், “கையெழுத்துப் போடாதே” என்றேன்.

“ஏம்மா?”

“பாஷை தெரியாதவன்னு பார்த்துட்டாங்க. மூணு மாசப் பணம் போனா வராது. ஏதாவது ஒரு வரி உள்ள ஒளிஞ்சிருக்கும்.”

“எப்படிம்மா அவ்வளவு உறுதியாச் சொல்றே?”

“வீட்டுக்காரங்க புத்தி எனக்குத் தெரியும்.”

அந்தப் பேச்சில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். தன்னைப் போல் பிறரையும் நினை என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப் போட்டிருப்பேன். அப்படியேதான் நினைத்தேன்.

மகள் என் பேச்சைத் தட்டாதவள். இரண்டு நாள் தயங்கினாள். வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. பிறகு கிடைத்தது ஒரு குடியிருப்பில் ஒற்றை அறை. ‘தெம்போராதா’ என்று தற்காலிக ஒப்பந்தம், பதினொரு மாதம். ஐந்தாண்டுச் சட்டத்திலிருந்து தப்ப அங்கேயும் சில வீட்டுக்காரர்கள் பதினொரு மாதம்தான் போடுகிறார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்துகொள்ள வீட்டுக்காரர் விடவில்லை. எம்பாத்ரோனாமியேந்தோ என்று நாக்கு சுளுக்கும் பெயர். அது இல்லாவிட்டால் மருத்துவ அட்டை உள்படப் பல காரியம் நகராது. ஓராண்டில் மூன்று வீடு மாறினாள். வேலை நேரத்தில் பாதி கவுன்ட்டர்களில் நின்றாள். பனிக்காலத்தில் ஒரு நாள், “அந்தப் பாட்டி வீட்டுக்கே போயிருக்கலாம்மா” என்றாள். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. நான் “விதி” என்றேன்.

முழங்கால் வலி வந்த பிறகு வீடு முழுவதையும் வாடகைக்கு விட்டுவிட்டு நெல்லிக்குப்பத்தில் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது இருப்பவர்களிடம் அட்வான்ஸ் மூன்று மாதம்தான். அதை என் திருந்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் உள்ளூர்க்காரர்கள். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தப் பழைய ஒப்பந்தம் என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள முகவரி ஒடியா எழுத்தில் இருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால்தான் அவர்களைத் தேட முடியவில்லை என்று இந்தக் கட்டுரையை முதலில் முடித்திருந்தேன். படிக்கும்போது நன்றாக இருந்தது. அடித்துவிட்டேன். தாளுக்குப் பின்னால் ஆதார் நகல் குத்தப்பட்டிருக்கிறது. அதில் முகவரி ஆங்கிலத்திலும் இருக்கிறது, பின்கோடு உள்பட. ஆறு ஆண்டும் அது அங்கேயேதான் இருந்தது. மொழி எனக்குத் தடையாக இருந்ததே இல்லை.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் படிப்பதற்கு முன் முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். அதுவும் கோழைத்தனம்தான்.

பையன் கேட்ட கேள்விக்கு விடையை நேற்றுத்தான் போட்டேன். இரண்டு மாத வாடகையைக் கழிக்க எனக்கு உரிமை இல்லை, அந்த வரி பொய் சொல்லி வாங்கிய வரி. பெயின்ட் அடிக்கவில்லை. மோட்டார் வீடு கட்டியபோது வாங்கியது, அதன் வயசுக்குத் தானாகவே போனது. கடைசி மாதக் கரண்டில் நியாயமாக வர வேண்டியது 600 ரூபாய் இருக்கும். 40,000-ல் 600 போனால் 39,400. கொடுத்தது 12,000. மீதி 27,400. இருபது மாதம் மின்சாரத்தில் எடுத்ததை இன்னும் சேர்க்கவில்லை. ரீடிங் எழுதிய வெள்ளை அட்டை இரும்புப் பெட்டியில் இருக்கிறது.